மாம்போ என்றால் என்ன? ஓர்கெஸ்டா அகோகானை வைத்து ஓர் அறிமுகம்

மாம்போ என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 1999-ல் திரும்பிய பக்கமெல்லாம் ஓடிய லூ பேகாவின் 'மாம்போ நம்பர் 5'. பெண்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிப் பாடுவாரே, அந்தப் பாட்டுத்தான். அதன் அடியில் ஓடும் டிரம்பெட் இசை அவருடையது இல்லை. பெரெஸ் பிராடோ என்ற கியூபாக்காரர், அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்னால் மெக்சிகோவில் தன் குழுவோடு பதிவு செய்தது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே தன் பாட்டை வைத்தார் பேகா. பாட்டு பிரமாதமாக ஓடியது. ஆனால் வெட்டி எடுத்த துண்டில் மாம்போவின் மெட்டு இருந்ததே தவிர, மாம்போ நடக்கும் விதம் இல்லை. இந்த இசையின் சுவாரசியம் முழுக்க ஒருவர் வாசிப்பதற்கு இன்னொருவர் எப்படி இடம் விடுகிறார் என்பதில் இருக்கிறது.

அதை முழுசாகக் கேட்க இன்றைக்கும் வழி உண்டு. 2018-ல் 'ஓர்கெஸ்டா அகோகான்' என்ற குழு அதே பெயரில் ஒரு ஆல்பம் வெளியிட்டது. நியூயார்க்கில் வாழும் கியூபப் பாடகர் ஹோசே 'பெப்பீட்டோ' கோமெஸ், தயாரிப்பாளர் ஜேக்கப் பிளாஸ், பியானோ வாசித்து இசைக்கோர்வைகளை எழுதிய மைக்கேல் எக்ராத் என மூன்று பேர் இதன் பின்னால் இருக்கிறார்கள். மூவரும் ஹவானாவுக்குப் போனார்கள். இராக்கெரே, லாஸ் வான் வான் மாதிரியான பெரிய குழுக்களில் வாசித்துப் பழகிய கலைஞர்களைச் சேர்த்து, எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கப் பதிவு செய்தார்கள். புரூக்ளினில் இருக்கும் டாப்டோன் நிறுவனம் வெளியிட்டது. சிறந்த டிராப்பிக்கல் லத்தீன் ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரையும் கிடைத்தது.

ஆல்பத்தைத் தெரியாத ஆளுக்குப் போட்டுக் காட்டினால் 1950-களின் பதிவு என்றே நினைப்பார். ஏன் அப்படித் தோன்றுகிறது என்று சொல்வதற்கு, மாம்போ உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இசைப் பயிற்சி எதுவும் வேண்டாம். கை தட்டத் தெரிந்தால் போதும்.

ஐந்து தட்டு

கியூப இசைக்கு அடித்தளம் கிளாவே. கெட்டியான இரண்டு மரக்குச்சிகளுக்கும் அதே பெயர், அவற்றைத் தட்டும் தாளத்துக்கும் அதே பெயர். மேற்கத்தியப் புத்தகங்கள் இதைப் புள்ளி போட்டு, கட்டம் போட்டு விளக்கும். சொல்கட்டு தெரிந்த நமக்குக் குறுக்குவழி ஒன்று இருக்கிறது.

ஒரே சீரான வேகத்தில் இப்படிச் சொல்லுங்கள்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. மொத்தம் பதினாறு. ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் இடத்தில் மட்டும் கை தட்டுங்கள். நிறுத்தாமல் நாலைந்து சுற்று போங்கள். நீங்கள் தட்டுவதுதான் கிளாவே.

பதினாறை நடுவில் பிரித்தால் முதல் எட்டில் மூன்று தட்டு விழுகிறது, அடுத்த எட்டில் இரண்டு. அதனால் இதை மூன்று-இரண்டு கிளாவே என்பார்கள். பின்பாதியிலிருந்து தொடங்கினால் இரண்டு-மூன்று. மாம்போக்கள் நிறைய இந்த இரண்டாவது வகைதான். கவனிக்க வேண்டிய விஷயம், நடுவில் வரும் அந்த முதல் 'தகதிமி'. அது ஏழாவது எண்ணில் தொடங்கிப் பாதிக்கோட்டைத் தாண்டிப் போகிறது. ஆக, இரண்டாம் பாதி தொடங்கும் ஒன்பதாவது எண்ணில் தட்டே கிடையாது. அழுத்தம் எங்கே விழும் என்று காது எதிர்பார்க்கிறதோ, சரியாக அங்கே காலி. கேட்பவரின் தோளோ காலோ அந்தக் காலியை நிரப்பத் தானாக அசையும்.

நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வாசிப்பவர் எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சமத்தில் வந்து இறங்கும்போது சபை 'ஆகா' என்கிறது. இங்கே அந்த இறங்கல் கிடையாது. கிளாவேயின் ஐந்து தட்டோடு ஒவ்வொருவரின் சொற்றொடரும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கணக்கு. ஒத்துப்போகாமல் வாசித்தால் 'குருசாடோ' ஆகிவிட்டது, அதாவது குறுக்கே போய்விட்டது என்று சொல்வார்கள். அது அங்கே சாதாரணக் குற்றச்சாட்டு இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை: பல மாம்போ பதிவுகளில் அந்தக் குச்சிகளை யாருமே தட்டுவதில்லை. எல்லோர் மனசிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது நம்பிக்கை.

ஒன்றை விட்டுவிடும் பேஸ்

அடுத்து பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் தாழ்சுரக் கருவி. மாம்போ கேட்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ராக்கோ சினிமாப் பாட்டோ எதை எடுத்துக்கொண்டாலும் பேஸ் ஒன்றாம் எண்ணில் அழுத்தி விழும். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. கியூப பேஸ் அந்த ஒன்றைப் பெரும்பாலும் வாசிப்பதே இல்லை. மேலே சொன்ன முதல் எட்டு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாவே தட்டுகள் 1, 4, 7-ல் விழுகின்றன. அதில் முதல் தட்டை எடுத்துவிட்டால் மிச்சம் 4-ம் 7-ம். அந்த இரண்டும்தான் பேஸின் இடம். எட்டு எட்டாக, ஒவ்வொரு முறையும் அதே இரண்டு இடம். இதற்கு தும்பாவ் என்று பெயர். ஏழில் வாசிக்கிற சுரம் அடுத்த எட்டுக்கான சுரம். மற்றவர்கள் அங்கே போய்ச் சேரும் முன்பே பேஸ்காரர் போய் உட்கார்ந்திருப்பார். அதனால் பாட்டு எப்போதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தே ஓடுகிறது. வேகமான மாம்போ மூச்சு வாங்க வைப்பதற்கு வேகத்தைவிட இந்தச் சாய்வுதான் காரணம் என்பது என் கட்சி.

தாளக் கருவிகள் மூன்று பேர் கையில்: உயரமான காங்கா, சின்ன ஜோடி முரசான பாங்கோ, உலோக உடம்புள்ள ஜோடி முரசான டிம்பாலே. காங்காக்காரர் அதே எட்டில் மூன்றாவது எண்ணில் சுளீரென்று ஒரு அறை வைப்பார், ஏழிலும் எட்டிலும் 'தும் தும்' என்று திறந்த ஒலி எழுப்புவார். பேஸும் காங்காவும் ஏழில் சந்திப்பதைக் கவனியுங்கள். பாங்கோக்காரர் பாடகர் சரணம் பாடும்போது விரல்களால் சடசடவென வாசித்துக்கொண்டிருப்பார். பழைய தமிழ் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாங்கோ ஒலி புதிதில்லை. டிம்பாலேக்காரர் மெதுவான பகுதியில் தோலை விட்டுவிட்டு உலோக உடம்பின் பக்கவாட்டைத் தட்டுவார்.

பாட்டு சூடு பிடித்ததும் பாங்கோவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெரிய கைமணியை எடுத்துக் குச்சியால் அடிக்கத் தொடங்குவார் பாங்கோக்காரர். டிம்பாலேக்காரரும் தன் மணிக்கு மாறுவார். இரண்டு மணியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். மைக் ஒலி கூடவில்லை, வேகம் ஏறவில்லை, ஆனாலும் அறையின் வெப்பம் ஏறிவிட்ட மாதிரி இருக்கும். ஆட வந்தவர்களுக்கு அது சைகை.

பியானோ? மெட்டு வாசிக்காது. உடைத்து உடைத்து ஒரு சின்னச் சுழற்சியை விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். த்ரெஸ் என்ற கியூப கிட்டாரிலிருந்து வந்த பழக்கம் இது.

பாட்டுக்குள் ஒரு பகுதி

மாம்போ ஒரு இசை வகையின் பெயர் மட்டும் இல்லை, பாட்டுக்குள் ஒரு பகுதியின் பெயரும்கூட. முதலில் பாடகர் சரணம் பாடுவார். அப்புறம் மொன்டூனோ என்ற பகுதி: பின்பாட்டுக்காரர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, முன்னணிப் பாடகர் இடைவெளியில் அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் சொல்லி இழுப்பார். அதற்குப் பிறகு பாடகர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஊதுகருவிகள் மேடையை எடுத்துக்கொள்ளும். இந்த இடம்தான் மாம்போ.

பிக் பேண்ட், அதாவது ஊதுகருவிகள் நிறைந்த பெரிய குழு, தேவைப்படுவது இங்கேதான். சாக்ஸபோன்கள் நான்கைந்து பேர் தாழ்ந்த சுரத்தில் ஒரு சின்ன வாக்கியத்தைத் தொடங்குவார்கள். வெட்டி வெட்டிப் பேசுகிற மாதிரி, கிளாவேயின் காலி இடங்களில் பொருந்தும் வாக்கியம். நான்கு சுற்று போனதும் அதன் மேல் டிராம்போன் வேறொரு வாக்கியத்தைப் போடும். அப்புறம் டிரம்பெட்டுகள் உச்சத்தில் மூன்றாவது ஒன்றை. யாரும் முந்தையதை நிறுத்துவதில்லை. ஆனால் ஒருவர் மூச்சு விடும் இடத்தில்தான் இன்னொருவர் ஊதுகிறார், அதனால் கூச்சலாவதில்லை. எழுதிவைத்த கோர்வைதான் என்றாலும், அந்த மூச்சை எவ்வளவு சுருக்குவது, எங்கே வெட்டி நிறுத்துவது என்பது காகிதத்தில் வராது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாசித்தால்தான் வரும். கணினியில் சாம்பிள்களை அடுக்கிச் செய்த மாம்போ தட்டையாக ஒலிப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது.

எங்கிருந்து வந்தது

யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் கியூபாவில் சண்டையே வரும். மூன்று நான்கு பேருக்கு நியாயமான உரிமை உண்டு.

1938-ல் ஓரெஸ்டெஸ் லோப்பெஸ் 'மாம்போ' என்ற பெயரிலேயே ஒரு டான்சோன் எழுதினார். டான்சோன் என்பது வயலினும் புல்லாங்குழலும் கொண்டு வாசிக்கும் நாசூக்கான நடன இசை. ஓரெஸ்டெஸும் அவர் தம்பி, பேஸ் வாசித்த கச்சாவோவும் அந்தோனியோ அர்கான்யோவின் குழுவில் இருந்தார்கள். அந்த நாசூக்கான இசையின் கடைசியில் தெருவின் துள்ளலை நுழைத்ததுதான் அவர்கள் செய்த வேலை. ஏறக்குறைய அதே காலத்தில் அர்செனியோ ரோட்ரிகெஸ் என்பவர் சோன் என்ற கியூப நடன இசையை வாசிக்கும் சிறிய குழுக்களைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். சிறு வயதில் விலங்கு உதைத்ததில் பார்வை இழந்தவர். த்ரெஸ் வாசிப்பதில் மன்னன். காங்காவையும் பியானோவையும் ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்பெட்டுகளையும் சோனுக்குள் கொண்டுவந்தார். பாட்டின் முடிவில் ஊதுகருவிகள் அடுக்கடுக்காக ஏறும் பகுதியை 'டியாப்லோ', அதாவது பிசாசு என்று அழைத்தார். மாம்போ பகுதியின் மூதாதை அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

பெரெஸ் பிராடோ இதை உலகத்துக்கு விற்றவர். மத்தான்ஸாஸ் நகரத்துக்காரர், பியானோ கலைஞர். 1940-களின் இறுதியில் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்து, ஆர்சிஏ விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 'கே ரிக்கோ எல் மாம்போ' போன்றவற்றைப் பதிவு செய்தார். அவருடைய கோர்வையில் சாக்ஸபோன்கள் அடியில் உறும, டிரம்பெட்டுகள் மேலே கிறீச்சிடும், நடுவில் ஒன்றும் இருக்காது. அந்த நடுவெளியில் பிராடோவே 'ஊக்!' என்று ஒரு சத்தம் போடுவார். மெக்சிகோ சினிமா இதை அள்ளிக்கொண்டது. 1951 வாக்கில் பெருவில் லிமாவின் பேராயர், மாம்போ ஆடுபவர்களுக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்று அறிவித்ததாகச் செய்தி வந்தது. இதைவிடப் பெரிய விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. 1955-ல் பிராடோவின் ஒரு பதிவு அமெரிக்கத் தரவரிசையில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

நியூயார்க் கதை வேறு. மரியோ பௌஸா ஹவானாவிலிருந்து போய் சிக் வெப், கேப் காலோவே போன்றோரின் ஜாஸ் குழுக்களில் டிரம்பெட் வாசித்தவர். கறுப்பின ஜாஸ் குழுக்களின் ஒழுங்கும் கியூபத் தாளமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனை அவருக்கு. 1940-ல் தன் மச்சினன் மச்சீட்டோ தொடங்கிய 'ஆஃப்ரோ-கியூபன்ஸ்' குழுவில் அதைச் செய்து பார்த்தார். குழுவின் பெயரிலேயே ஆப்பிரிக்காவை வைத்தது அந்தக் காலத்து அமெரிக்காவில் துணிச்சலான காரியம். 1943-ல் பௌஸா எழுதிய 'தாங்கா'வை லத்தீன் ஜாஸின் தொடக்கம் என்பார்கள். பிராட்வேயும் 53-வது தெருவும் சேரும் இடத்தில் இருந்த பல்லேடியம் நடன அரங்கில் மச்சீட்டோ, டீட்டோ புவெந்தே, டீட்டோ ரோட்ரிகெஸ் என்ற மூன்று குழுக்களும் போட்டி போட்டு வாசித்தன. போர்ட்டோ ரிக்கோக்காரர், கறுப்பினத்தவர், யூதர், இத்தாலியர் என எல்லோரும் ஒரே தரையில் ஆடிய இடம் அது. நன்றாக ஆடுபவனுக்கே மரியாதை.

ஹவானாவில் இதன் உச்சம் பென்னி மோரே. மெக்சிகோவில் பிராடோவோடு பாடியவர், ஊர் திரும்பி 1953-ல் 'பண்டா கிகாந்தே' என்ற ராட்சதக் குழுவை அமைத்தார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் என்ன வேண்டும் என்று கோர்வை எழுதுபவரிடம் பாடிக் காட்டுவாராம்.

அப்புறம் எல்லாம் வேகமாக முடிந்தது. சா-சா-சா வந்தது, ராக் அண்ட் ரோல் வந்தது. 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்கத் தடை வந்து, ஹவானாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான போக்குவரத்து அறுந்தது. மோரே 1963-ல் 43 வயதில் இறந்தார். பல்லேடியம் 1966-ல் மூடியது. பதினைந்து, பதினாறு பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போவது எந்த நாட்டிலும் கட்டுப்படியாகவில்லை. சல்சா வந்தபோது குழுக்கள் சிறுத்திருந்தன.

மீட்டெடுப்பது எப்படி

பழைய இசையை மீட்கிறோம் என்று கிளம்புபவர்கள் வழக்கமாகப் பழைய பாட்டுகளையே திரும்ப வாசிப்பார்கள். அது நினைவஞ்சலி ஆகிவிடும். அகோகான் பெரும்பாலும் புதிதாக எழுதியதையே பதிவு செய்தது. இலக்கணம் பழசு, வாக்கியம் புதுசு. பழைய பாட்டென்றால் மூலப் பதிவோடு ஒப்பிட்டு நாம் மார்க் போட ஆரம்பித்துவிடுவோம். புதுப் பாட்டில் அந்த வேலை இல்லை.

இடத் தேர்வும் யோசித்துச் செய்ததுதான். சென்ட்ரோ ஹவானாவில் சான் மிகெல் தெருவில் இருக்கும் அரெய்ட்டோ ஒலிப்பதிவுக்கூடம் 1940-களில் பனார்ட் நிறுவனத்துடையது. 1958-ல் அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலின் ஆல்பத்துக்காகப் பதிவு நடந்த இடம். 1996-ல் 'பூயனா விஸ்டா சோஷியல் கிளப்' என்ற புகழ்பெற்ற கியூப ஆல்பம் பதிவானதும் இங்கேதான். பெரிய மரத்தள அறை. எல்லோரும் ஒன்றாக வாசிக்கும்போது டிரம்பெட் ஒலி காங்காவின் மைக்கிலும் கசியும். நவீனப் பதிவில் இது குறை, கண்ணாடித் தடுப்பு வைத்து விலக்குவார்கள். பழைய மாம்போ பதிவுகளின் ஆழத்துக்கு அந்தக் கசிவும் ஒரு காரணம். தவறு செய்தால் ஒருவரை மட்டும் திருத்த முடியாது, எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். அந்தப் பதற்றமும் பதிவில் கேட்கிறது.

கியூபாவில் இதற்கான ஆட்கள் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. அரசு இசைப் பள்ளிகளில் சிறு வயதிலிருந்தே செவ்வியல் பயிற்சி பெற்று, மாலையில் நடன மேடையில் வாசித்துப் பழகியவர்கள் அங்கே ஏராளம். குறிப்பைப் பார்த்த உடனே வாசிக்கவும் தெரியும், கிளாவேயும் ரத்தத்தில் இருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது மற்ற ஊர்களில் அபூர்வம்.

ஆனால் இது அச்சு அசல் 1950-கள் இல்லை. கோமெஸ் 'பூப்பி இ லோஸ் கே சோன், சோன்' என்ற டிம்பா குழுவில் பாடியவர். டிம்பா 1990-களின் கியூப நடன இசை, பேச்சும் வம்பும் அதிகம். அந்த வாய்த்துடுக்கு மொன்டூனோ பகுதிகளில் எட்டிப் பார்க்கிறது. எக்ராத்தின் சாக்ஸபோன் கோர்வைகளில் பிராடோ காலத்துக்குப் பிந்தைய ஜாஸ் கேட்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். ஹவானா இளைஞர்கள் இன்று ரெப்பார்ட்டோ, ரெகேட்டோன் என்ற புதிய நடன இசைகளுக்கு ஆடுகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தாத்தா காலத்து இசையை அவர்கள் மீது திணிக்க முடியாது.

அகோகானுக்கு 2019 கிராமி விழாவில் பரிசு கிடைக்கவில்லை. அந்தப் பிரிவில் வென்றது ஸ்பானிஷ் ஹார்லெம் ஓர்கெஸ்ட்ரா, அதுவும் பழைய நியூயார்க் பாணியைக் காப்பாற்றி வரும் பெரிய குழு. பியானோ கலைஞர் ஆஸ்கர் ஹெர்னாண்டெஸ் நடத்துகிறார். ஒரே பட்டியலில் இரண்டு மீட்பர்கள். அகோகான் 2021-ல் '16 ராயோஸ்' என்ற அடுத்த ஆல்பத்தோடு வந்தது.

சரி, எங்கே தொடங்குவது? முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'மாம்போ ராபிடீட்டோ'வைப் போடுங்கள். மொபைல் ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் சுத்தமாகக் காணாமல் போய்விடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதல் தடவை பேஸை மட்டும் பிடியுங்கள், அது ஒன்றை விடுவது புரிபடும்வரை. இரண்டாம் தடவை மணி எப்போது வருகிறது என்று பாருங்கள். மூன்றாம் தடவை பாடகரை விட்டுவிட்டு சாக்ஸபோன்கள் பின்னால் போங்கள். அது பழகியதும் மச்சீட்டோவின் 'தாங்கா'வுக்குப் போகலாம். அதற்கு அடுத்து பென்னி மோரேயின் பண்டா கிகாந்தே பதிவுகள். பிராடோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவரை முதலில் கேட்டால் டிரம்பெட் மட்டும்தான் காதில் நிற்கும், அடியில் நடக்கும் வேலை தப்பிவிடும்.